உன் அப்பாவுக்கு நான் வாசிக்காத வரி

கண்ணா,

உன் பெட்டியில் ஸ்வெட்டருக்கு அடியில், நீ வைக்காத ஒரு காகிதத்தை நான் வைத்திருக்கிறேன். பழுப்பு உறையில் நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ். போய்ச் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எடுத்துப் பார். அதில் ஒரு வரியைச் சுற்றிப் பென்சிலில் அடைப்புக்குறி போட்டிருக்கும். போட்டது நான். அந்த அடைப்புக்குறியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அடுத்த வாரம் நீ விமானம் ஏறுகிறாய். அங்கே உன் வேலை ஆய்வுக்கூடத்தோடு முடியாது, நோயாளிகளிடம் ஆராய்ச்சியைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்குவதும் உன் பொறுப்பு என்று போன மாதம் சொன்னாய்.

உன் கல்லூரி மலரில் நீ எழுதிய கட்டுரையை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "எல்லாம் தெரிந்து, பலன் கிடைக்காமல் போகலாம் என்பதும் தெரிந்து, அறிவியலுக்காகத் தன் உடம்பைக் கொடுத்தவர் என் அப்பா" என்று எழுதியிருந்தாய். அதையே ஆங்கிலத்தில் எழுதித்தான் இப்போது போகும் இடத்துக்கும் விண்ணப்பித்தாய். படித்துவிட்டு எப்படியிருக்கிறது என்று நீ கேட்டபோது, நன்றாக இருக்கிறது, ஒற்றுப்பிழை மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது என்றேன். பிழை ஒற்றில் இல்லை கண்ணா. உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

முதலில், நீ விடுதியில் இருந்ததால் முழுதாகப் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்த பிறகு ஊருக்குள் ஆங்கிலக் காகிதமும் வந்தது. வேலைக் கடிதம், ஒப்பந்தக் கடிதம், இன்ஷூரன்ஸ், நிலப் பத்திரத்துக்கு வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வேன், அவர்கள் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். டீச்சர் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது வல்லக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருமுறை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்த ஒருவர் கடிதத்தை நீட்டி, "மிஸ், பெர்மனென்ட்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஊர்ல அம்மைட்ட அப்படித்தான் சொல்லிட்டேன்" என்றார். பதினோரு மாதம் என்று போட்டிருந்தது. அதையும் சொன்னேன், கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர் போன பிறகு உன் அப்பா உள்ளேயிருந்து, "பாவம், கொஞ்சம் இனிப்பா சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றார். காகிதத்தில் இருப்பதைச் சொல்வதுதான் என் வேலை, இனிப்பு வேண்டுமென்றால் கடைக்கு அந்தத் தம்பிக்கே வழி தெரியும் என்று பதில் சொன்னேன். அவ்வளவு கெட்டியாக இருந்தவள் நான்.

அப்பாவுக்கு நடந்த விபத்து உனக்குத் தெரியும். காலை ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தார். லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லியில் சக்கரம் சறுக்கியது. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே போனது போனதுதான் என்று அரசு மருத்துவமனையில் ஒரு பெரியவர், டாக்டர்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெரியவரை அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஜன்னலை ஒட்டி முன்னறையில் கட்டிலைப் போட்டோம். அங்கிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி கேட்கும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

அதற்கு முன்பே ஸ்டெம் செல் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது, உன் வாயால். பிளஸ் டூவில் ஆண்டு விழா விவாத மேடையில் அந்தத் தலைப்பை நீதான் கேட்டு வாங்கினாய். பேச்சைத் தயாரிக்கும்போது உனக்கு மாவை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். அரைத்து வைத்த மாவு இட்லியும் ஆகும், தோசையும் ஆகும், பணியாரமும் ஆகும். வெந்த இட்லி திரும்ப மாவாகாது. கருவின் முதல் சில நாட்களில் இருக்கும் செல்கள் அந்த மாவு மாதிரி, எந்த உறுப்பாகவும் ஆகக்கூடியவை. ஆனால் அவற்றை எடுத்தால் அந்தக் கரு அழிந்துவிடும். அது உயிரா, உயிரின் தொடக்கமா, வெறும் செல்களா என்பதுதான் உலகம் முழுக்கச் சண்டை. அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதி அதற்கு அரசுப் பணத்தைக் கட்டுப்படுத்தினார், அடுத்து வந்தவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். நீ மேடையில், குழந்தைக்காகச் சிகிச்சை செய்யும் இடங்களில் மிஞ்சிப்போய்க் கொட்டப்படும் கருக்களைப் பற்றிப் பேசினாய். கொட்டுவதை விட ஒரு நோயாளிக்குக் கொடுப்பது மேல் அல்லவா என்றாய். கைதட்டினார்கள். நம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மட்டும் தட்டவில்லை. கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்துவிட்டுச் சீருடையோடு நேரே வந்திருந்தாள். வெளியே வரும்போது உன் தலையைத் தடவி, "நல்லாத்தான் பேசுன. ஆனா வாயில்லாத ஜீவன் சார்பா யார்னா ஒர்த்தர் பேசணும்ல கண்ணு" என்றாள். நீ வழியெல்லாம் அவளோடு வாதாடிக்கொண்டே வந்தாய். எனக்கு இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. வகுப்பில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்டெம் செல் சிகிச்சை முகாம் போட்டார்கள். நகரத்திலிருந்து ஒரு சிகிச்சை நிலையம். நான் ஸ்டெல்லாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டினார். பேசி முடித்ததும் ஸ்டெல்லா எழுந்து, இது கருவிலிருந்து எடுப்பதா என்று கேட்டாள். அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் சிரித்தார். "நாங்க கருவைத் தொடுறதே இல்லம்மா. உங்க எலும்பு மஜ்ஜையிலேர்ந்து எடுத்து உங்களுக்கே போடுறோம். இதுல பாவமும் இல்ல, பிரச்சினையும் இல்ல" என்றார். மண்டபமே மூச்சு விட்டது. ஸ்டெல்லா என் கையை அமுக்கினாள். உன்னிடம் தொலைபேசியில் சொன்னபோது, கரு இல்லையென்றால் எத்திக்ஸ் பிரச்சினையே இல்லையம்மா என்று நீயும் சொன்னாய். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் அந்த ஒரு கேள்வியையே வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியிருந்தோம். அதற்கு நல்ல பதில் கிடைத்ததும் வேறு கேள்வியே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சை என்று விற்கக் கூடாது என்று நம் அரசே நெறிமுறை எழுதி வைத்திருந்தது. அதை அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை. அறிவியல் டீச்சரான எனக்கு அது தெரியாமலும் இல்லை.

சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அன்று பிற்பகல் அப்பா தூங்கும்போது சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது: "இந்த முறையால் பலன் உண்டு என்பது இதுவரை நிறுவப்படவில்லை, எனக்கு எந்த முன்னேற்றமும் ஏற்படாமல் போகலாம் என்பதை அறிந்தே சம்மதிக்கிறேன்." கையில் பென்சில் இருந்தது. முப்பது வருஷம் என் கை பழகிய வேலை ஒன்று உண்டு. பரீட்சைக்கு வராத பகுதியைப் புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவோம். பிள்ளைகளிடம், இது வராது, விட்டுவிடுங்கள் என்போம். நான் அந்த வரியைச் சுற்றி அடைப்புக்குறி போட்டேன். போட்டதும் மனசு லேசானது. அந்த லேசை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

மாலையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊசி எங்கே போடுவார்கள், எத்தனை நாள் தங்க வேண்டும், காய்ச்சல் வரலாம், தலை வலிக்கலாம் என்று வரிசையாகச் சொன்னேன். அடைப்புக்குறி வந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் நடுவில் ஒன்று கேட்டார். மேடைப் பேச்சுக்கு நான் உனக்குச் சொன்ன மாவு உதாரணம் அவருக்கும் மனப்பாடம். "ஆமா, கருவுதான் மாவுன்ன. இவங்க என் எலும்புலேர்ந்து எடுக்கிறது மாவா, வெந்த இட்லியா?" என்றார். ஒரு பக்கம் வெந்த மாவு அது, அதிலிருந்து ரத்தம் உண்டாகும், ஆனால் நரம்பும் உண்டாகும் என்று யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. நான் கற்பித்த பாடத்தில் என் மாணவர் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. அதற்கு நான் சிரித்தேன். "உங்களுக்கு எப்பவும் சாப்பாட்டு நெனப்பு" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "நீ படிச்சுட்ட இல்ல, போதும்" என்றார்.

மூன்று முறை போய் வந்தோம். அதன் பிறகு தினமும் காலையில் எங்களுக்கு ஒரு பரீட்சை நடந்தது. நான் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, என்னுடையதைக் கால்மாட்டில் நின்றபடியே குடித்துவிட்டுப் போர்வையை விலக்குவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சுருங்க, வலது கால் கட்டை விரலை அசைக்க முயற்சி செய்வார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "இன்னா டீச்சர், பாஸா ஃபெயிலா?" என்பார். முதல் இரண்டு வாரம், பொறுங்கள் என்றேன். ஒருநாள் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததைப் பார்த்து, பாஸ் என்று சொல்லிவிட்டேன். லேசாக அசைந்தது என்றேன். பள்ளியில் அரை மதிப்பெண்ணுக்கு அழுத பிள்ளையிடமும் விட்டுக்கொடுக்காதவள் நான். அன்றைக்கு அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாளும் பாஸ் போட வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாளும். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சிகிச்சை நிலையத்திலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துப்போனார். கைக் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு சிரிக்கும் அந்தப் படம், நீ இன்றும் பர்ஸில் வைத்திருக்கும் படம், அப்படி எடுத்ததுதான்.

ஸ்டெல்லாவின் மகள் மெர்சியை உனக்கு நினைவிருக்கும். செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்தாள். சின்னச் சின்னத் திருகாணிகளைப் பொருத்தும் வேலை. பார்வையில் ஓரங்கள் இருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தன. பரம்பரை நோய், மெல்ல மெல்ல நடுவுக்கும் வரும், இப்போதைக்கு மருந்தில்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா கையில் அதே மாதிரி மூன்று பக்கப் படிவமும் அந்தச் சிகிச்சை நிலையத்து விளம்பர நோட்டீஸும் இருந்தன. நோட்டீஸில் உன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்கும் போட்றாங்களாம் டீச்சர். அண்ணனுக்கே வெரல் அசையுதுன்னா, இவளுக்கு இருக்கிற பார்வையாவது நிக்காதா? படிச்சுச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்றோம்" என்றாள்.

முதல் பக்கம் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்தேன். அதே இடத்தில் அதே வரி இருந்தது. மெர்சி என் முகத்தைப் பார்ப்பதற்காகத் தலையை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்க்க அவளால் முடியாது. இருந்த பார்வையையும் ஒரு ஊசியில் இழந்துவிட்டால் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு உள்ளே உன் அப்பா விழித்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திப் படித்திருக்கலாம். தாழ்த்தினால் அது இன்னொரு அடைப்புக்குறி. வழக்கமான குரலிலேயே படித்தேன். பலன் உண்டு என்பது இதுவரை நிறுவப்படவில்லை. எந்த முன்னேற்றமும் ஏற்படாமல் போகலாம். அறிந்தே சம்மதிக்கிறேன். அடுத்து, பார்வை மேலும் குறையலாம் என்று இருந்ததையும் படித்தேன்.

ஸ்டெல்லா படிவத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "அண்ணனுக்குப் போட்டுகினீங்க. எம் பொண்ணுக்கு வந்தா மட்டும் இப்டிப் படிக்கிறீங்க" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எழுதியிருப்பதைப் படித்தேன் என்றேன். நோட்டீஸை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். ஐந்தாறு மாதம் என்னோடு பேசவில்லை. மெர்சிக்கு அந்த ஊசி போடவில்லை. இன்றைக்கு அவளுக்கு நேராக இருப்பது மட்டும் தெரிகிறது. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உன்னிடம் சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

நாற்காலிகளை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனேன். அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே, "அந்த வரி என்னுதுல இல்லியா டீச்சர்?" என்றார். கோபமே இல்லாத குரல். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துவந்து நம் பிரதியைப் பிரித்துக் காட்டினேன். அடைப்புக்குறியைப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தப் பென்சில் குறி அவருக்குத் தெரியும். உனக்கு நான் பாடம் சொல்லித்தந்ததைப் பார்த்தவர்தானே. மெதுவாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை என்றார். படித்தேன். பிறகு சொன்னார்: "இத நீ படிச்சிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பேன். வேற இன்னா வழி கீது எனக்கு? ஆனா போட்டது நானா இருந்திருப்பேன்." அன்று இரவும் சாப்பிட்டார், எனக்காக.

கண்ணா, வாயில்லாத ஜீவனுக்காக யாராவது பேச வேண்டும் என்று ஸ்டெல்லா சொன்னாள். அது சரிதான். நோயாளிக்காகப் பேச வேண்டும் என்று நீ சொன்னாய். அதுவும் சரிதான். ஆனால் வாய் உள்ள ஒருவர் நம் முன்னறையில் படுத்துக்கொண்டு, இது மாவா இட்லியா என்று கேட்டார், அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பணம் பிடுங்குகிறவர்கள்தான் ஏமாற்றுவார்கள் என்று நினைத்துவிடாதே. அன்புள்ளவர்கள் இன்னும் சுலபமாக ஏமாற்றுவார்கள், அவர்கள் குரலை நாம் நம்புவோம் இல்லையா. நாளைக்கு உன் எதிரில் ஒருவர் படிவத்தோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு உன் ஆங்கிலம் வராமல் போகலாம். அவர் மனைவியோ மகனோ உன்னைத் தனியாக அழைத்து, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சலாம். அப்போது உன் அம்மாவின் முகம் நினைவுக்கு வரட்டும். கெஞ்சுகிறவரைக் கோபிக்காதே. அந்த வரியை மட்டும் விடாதே.

உன் கட்டுரை அந்த மலரில் அச்சாகி எத்தனையோ பேர் படித்துவிட்டார்கள். இந்தக் கடிதமும் அதிலேயே வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் நீ படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புவேன். உன் அப்பாவைக் கேட்காமல் ஒருமுறை முடிவு செய்தது போதும்.

அந்த வரியைக் கேட்ட பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் உன் அப்பா இருந்தார். படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து அவர் போனது உனக்குத் தெரியும், தோள் கொடுத்தவன் நீ. உனக்குத் தெரியாத ஒன்றே ஒன்று பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, நான் இரண்டு டம்ளர் காப்பியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போர்வையைத் தொடாமல் நின்றேன். அவர் கண்ணை மூடவும் இல்லை, விரலை அசைக்க முயலவும் இல்லை. என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், பாஸா ஃபெயிலா?" என்றார்.

"ஃபெயிலுங்க."

"எப்பத்லேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

தலையை ஆட்டினார். கையை ஊன்றி, கட்டிலின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டு இடம் விட்டார். "உக்காந்து குடி டீச்சர். ஒண்ற வருஷமா நின்னுகினே குடிக்கிற" என்றார்.

உட்கார்ந்தேன்.

அம்மா